ஒரு செங்கல் நீளம்

தலைக்கு மேலே நாள் முழுக்கச் சக்கரம் உருளுகிற வீட்டில் குடியிருந்து பாருங்கள், அப்போது தெரியும் என் கஷ்டம். முன்னே ஒரு உருட்டு, பின்னே ஒரு உருட்டு, நடுவில் ஒரு கிறீச். மறுபடி முன்னே, மறுபடி பின்னே. மிக்ஸி ஓடினால்கூட ஒரு கட்டத்தில் நின்றுவிடும். இது நிற்காது.

கீழே தெருவைப் பார்த்த அறையில் என் ஜெராக்ஸ் கடை. பின்னால் ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, அதில்தான் என் குடித்தனம். மாடியில் டெய்லரும் அவள் வீட்டுக்காரனும். அவனை இன்னும் டிரைவர் என்றுதான் தெருவே கூப்பிடும், ஸ்டியரிங்கைத் தொட்டு மூன்று வருஷமாகியும். செங்கல் லாரி ஓட்டியவன். ஒரு நாள் லோடின் மேல் ஏறி நின்று தார்ப்பாய்க்குக் கயிறு இழுத்துக் கட்டும்போது கயிறு அறுந்து மல்லாக்க விழுந்தான். இடுப்புக்குக் கீழே எல்லாம் போயிற்று. ஆள் நல்ல கட்டுமஸ்தானவன், எண்பது கிலோ இருப்பான். அந்த எண்பது கிலோவைக் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை கக்கூஸுக்குத் தூக்கிக்கொண்டு போகிறவள் ஐந்தடி உயரமுள்ள டெய்லர்.

கக்கூஸ் வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு படி. கதவு அகலம் இரண்டடி. அவனுடைய சக்கர நாற்காலி நுழையாது. அவள் அவன் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, தன் தொடைமேல் ஒரு நொடி உட்காரவைத்து, அப்புறம் உள்ளே தள்ளுவாள். கதவு சாத்த முடியாது. இதற்காகவே மத்தியானத்துக்கு மேல் அவன் தண்ணீர் குடிக்க மாட்டான். நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தால், "அக்கா, வேண்டாம்க்கா, அப்புறம் அவளுக்கு வேலை" என்பான். என் மனசை வெளியே காட்டாமல், "நல்லதாப் போச்சு, பால் மிச்சம்" என்று எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன்.

இரண்டு தெரு தள்ளி அவர்களுக்கு ஒரு மனை கிடந்தது. அவன் நன்றாக இருந்த காலத்தில் வாங்கிப் போட்டது. அதில் வீடு கட்டுவது என்று முடிவானபோது நான் கேட்டேன், "மாடியும் சேர்த்துக் கட்டுறீங்களா?"

"மாடியா? இனிமே ஜென்மத்துக்கும் மாடி வேண்டாம்க்கா," என்றான் டிரைவர். "ஹாலு சின்னதா இருந்தாலும் பரவாயில்ல. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். பாத்ரூமுக்குள்ள நானே போகணும், நானே திரும்பணும், நானே கதவைச் சாத்தி உள்ளேருந்து தாழ்ப்பாள் போடணும். மூணு வருஷமாச்சுக்கா நான் தாழ்ப்பாள் போட்டு."

டெய்லர் அப்போது தரையில் முட்டி போட்டு யாருக்கோ சட்டைத் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள், "எனக்கு ஒரு கட்டிங் டேபிள். அதைச் சுத்தி நாலு பக்கமும் நடக்கணும். இந்தத் தரையை விட்டு எந்திரிக்கணும், அவ்வளவுதான்."

மேசையை முன்கூட்டியே வாங்கிவிட்டாள். ஏதோ ஒரு வாசகசாலையை மூடியபோது விற்றார்களாம். நாலடி அகலம், ஆறடி நீளம், யானைக்கால் மாதிரி காலு. வைக்க இடமில்லாமல் என் கடைக்குப் போகிற வழியில் கவிழ்த்துப் போட்டாள். எட்டு மாதம் அதன் காலில் இடித்துக்கொண்டே போய்வந்தேன். என் இடுப்பில் கறுப்புத் தழும்பு இன்னும் இருக்கிறது.

அனுமதி வாங்க இன்ஜினியர் ஒரு படம் போட்டுக் கொடுத்தார். உள்ளே எதை எங்கே தடுப்பது என்பது உங்கள் இஷ்டம் என்றுவிட்டார். அதை வேறு யார் கையிலாவது விடுவாளா டெய்லர்? இருபது வருஷத் தொழிலில் அவள் தைத்த ரவிக்கை ஒன்றுகூடப் பிரித்துத் தைக்கத் திரும்பி வந்ததில்லை. அதில் அவளுக்கு அப்படி ஒரு கர்வம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பின்னறையில் படுத்திருக்கிறேன், மேலே ஒரு புதுச் சத்தம். முன்னே பின்னே இல்லை. உருண்டது, உருண்டுகொண்டே வளைந்தது, நிற்காமல் போய்ப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. பதறிப்போய் மேலே ஓடினேன். தையல் மெஷின், துணி மூட்டை எல்லாவற்றையும் கட்டிலின் மேல் ஏற்றிவிட்டு ஹாலைக் காலி பண்ணியிருந்தாள். நடுவில் டிரைவர். அவனைச் சுற்றித் தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம். வட்டத்துக்குக் குறுக்கே இஞ்ச் டேப்பைப் பிடித்து, "அறுபது!" என்று கத்தினாள்.

"இன்னொரு தடவை சுத்தட்டுமா?" என்றான் அவன்.

"போதும். தலை சுத்தப் போகுது."

"சுத்தட்டும், சுத்தட்டும்." இன்னொரு வட்டம் அடித்தான். மூன்று வருஷத்தில் அப்படி அவன் சிரித்து நான் பார்த்ததில்லை.

பழுப்புக் காகிதத்தில், ரவிக்கைக்குப் பேப்பர் கட்டிங் போடுவது போல, அவளே வீட்டை வரைந்தாள். பாத்ரூம் அகலம் 60. தையல் அறை அகலம் 96. அதை நான்தான் நான்கு பிரதி எடுத்துக் கொடுத்தேன். மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டு என் கடை வாசலிலேயே விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்னம்மா இது, வீட்டுக்கு இஞ்ச்சுல அளவா? காஜா எடுக்கணுமா, கொக்கி வைக்கணுமா, அதையும் சொல்லிடு."

"அளவு சரியா இருக்கான்னு மட்டும் பாருங்கண்ணே," என்றாள் அவள்.

அவருக்கு நூல் மேஸ்திரி என்று பேர். எதைச் செய்தாலும் முதலில் நூல் பிடிப்பார். டீக்கடையில் பெஞ்சு கோணலாகக் கிடந்தால்கூட உட்கார மாட்டார், நேராக்கிவிட்டுத்தான் உட்காருவார்.

வேலை ஆரம்பித்தது. டிரைவரை அங்கே கொண்டுபோக முடியாது. மாடிப்படி ஒரு ஆள் அகலம், மனையிலோ ஜல்லியும் மணலும். அதனால் டெய்லர் தினமும் சாயங்காலம் போய் போனில் படம் எடுத்துக்கொண்டு வருவாள். அவன் போனின் கண்ணாடி நொறுங்கிப்போனது, அதில் பேசத்தான் முடியும், படம் தெரியாது. ஆகவே படங்கள் என் கடைக்கு வரும், நான் முழுத் தாளில் அச்சடித்து மேலே கொண்டுபோவேன். தேதி எழுதிச் சுவரில் வரிசையாக ஒட்டிக்கொண்டான். வானம் தோண்டியது, அந்தப் பள்ளத்தில் அஸ்திவாரம், பெல்ட் கான்கிரீட், முதல் வரிக் கல், இரண்டாவது வரி. வீடு அங்கே ஏறியதோ இல்லையோ, அந்தச் சுவரில் ஏறியது.

ஏறியதா, ஆளுக்கு நிம்மதி வந்ததா? எங்கே வந்தது! வேலை ஆரம்பித்த நாளிலிருந்து சக்கரம் இன்னும் அதிகமாக உருண்டது. காலையில் அவள் பல் தேய்க்கும்போதே ஆரம்பிப்பான்.

"இன்னைக்கு எத்தனை ஆள்?"

"எனக்கென்ன தெரியும்? போனாத்தான் தெரியும்."

"தண்ணி விட்டாங்களா? சிமெண்ட் காயறதுக்கு முன்னாடி தண்ணி விடணும். போன் பண்ணிச் சொல்லு."

"அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா செய்ய மாட்டாங்க. மூணாவது வரியில ஜன்னல் பக்கத்துல ரெண்டு கல்லு வெளுத்திருக்கு. வேகாத கல்லு. மாத்தச் சொல்லு. நல்ல கல்லுன்னா தட்டுனா கணகணன்னு கேக்கும்."

சொன்னால் நம்புவீர்களா, ஒரு நாள் அவனுக்காக அவள் ஐம்பது செங்கல்லை ஒவ்வொன்றாகக் கரண்டியால் தட்டி அந்தச் சத்தத்தைப் போனில் பதிந்துகொண்டு வந்தாள். அதையும் கேட்டுவிட்டு, "பதினேழாவது கல்லு ஓட்டை" என்றான். நூல் மேஸ்திரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "மாடியில உக்காந்துகிட்டே கல்லுல குத்தம் சொல்றாரு உங்க வீட்டுக்காரரு. நாளைக்கு சிமெண்டை ருசி பாக்கணும்பாரு, ஒரு ஸ்பூன் எடுத்துட்டுப் போ" என்றாராம். ஆனால் அந்தப் பதினேழாவது கல்லை எடுத்துக் கீழே போட்டுப் பார்த்திருக்கிறார். இரண்டாகப் போயிற்று. அதற்கப்புறம் ஆள் கொஞ்சம் அடங்கினார்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில்தான் பாத்ரூம் மூலையின் படம் வருவது நின்றது. ஹால் வந்தது, சமையல்கட்டு வந்தது, வாசல் நிலை நான்கு கோணத்தில் வந்தது. அந்த மூலை மட்டும் வரவில்லை. முதல் நாள் கேட்டான். "அங்க மணல் கொட்டி வச்சிருக்காங்க" என்றாள். அடுத்த நாள், "சாரம் கட்டியிருக்கு, மறைக்குது." அதற்கடுத்த நாள், "வெளிச்சம் பத்தல."

"நாலு மணிக்கு வெளிச்சம் பத்தலையா?"

"நீங்க வந்து எடுங்க அப்ப!" என்று சீறினாள். சொன்ன மறுநொடி நாக்கைக் கடித்துக்கொண்டாள் போலிருக்கிறது, கீழே எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. அன்றைக்கு முழுக்கச் சக்கரம்கூட உருளவில்லை.

பதினோரு நாள் ஆயிற்று. ஒரு புதன்கிழமை காலையில் என் போன் அடித்தது. தலைக்கு மேலே இருந்துகொண்டு போன் பண்ணுகிறான்.

"அக்கா, ஒரு உதவி. அவ யூனிஃபார்ம் குடுக்க ஸ்கூலுக்குப் போயிருக்கா, வர மூணு மணியாகும். நீங்க ஒரு எட்டு மனைக்குப் போய் அந்த பாத்ரூமை மட்டும் ஒரு போட்டோ எடுத்துட்டு வருவீங்களா? வாசல்ல நின்னு, எதிர்ச் சுவர் முழுசா தெரியற மாதிரி."

"ஏன்டா தம்பி, பொண்டாட்டியை வேவு பாக்கறதுக்கு நான்தான் கிடைச்சனா?"

"வேவு இல்லக்கா. எனக்கு இருப்புக் கொள்ளல."

எனக்கும்தான் கொள்ளவில்லை, அவன் உருட்டிய உருட்டில். கடையைச் சாத்திவிட்டுப் போனேன்.

வெயில் இல்லை, புழுக்கம். மேற்கே மேகம் கட்டிக்கொண்டு நின்றது. வேலையாட்கள் ஜன்னல் நிழலில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். சுவரெல்லாம் என் தலைக்கு மேல் ஏறிவிட்டிருந்தது. ஈரச் சிமெண்ட் வாசனை, நனைந்த கோணிச் சாக்கு, கால் வைத்த இடமெல்லாம் ஆணி. மேஸ்திரி வாயில் சோற்றோடு, "வாங்க ஜெராக்ஸ், இன்ஸ்பெக்‌ஷனா?" என்றார்.

"ஒரு போட்டோ, அவ்வளவுதான்."

"எடுங்க எடுங்க. வெள்ளிக்கிழமை வாசல் ஜன்னலுக்கு மேல லிண்டல் கான்கிரீட். அதுக்கப்புறம் ஒரு கல்லையும் அசைக்க முடியாது, பாத்துக்குங்க. அதுக்குள்ள மழை வராம இருக்கணும்."

படத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். மணல் இல்லை, சாரம் இல்லை, வெளிச்சத்துக்கும் குறைவில்லை.

அச்சடித்துக் கொடுத்ததும் டிரைவர் பேனாவை எடுத்து எதிர்ச் சுவரில் நீளவாட்டில் வைத்த கல்லின் மேலெல்லாம் புள்ளி வைத்தான். ஒன்று, இரண்டு, மூன்று. நிறுத்தினான். வேறொரு வரியை எண்ணினான். அப்புறம் பேனாவை மடியில் போட்டுவிட்டான்.

"அக்கா, ஒரு கல்லு ஒன்பது இஞ்ச். நடுவுல கலவை. அறுபது இஞ்ச்சுக்கு ஆறரைக் கல்லு வரணும். இங்க அஞ்சரைதான் இருக்கு."

"சரியா எண்ணிப் பாரு."

"இருபது வருஷம் செங்கல் லோடு அடிச்சவன்க்கா நான். ஒரு கல்லு குறையுது. ஒரு கல்லு குறைஞ்சா நான் உள்ள போகலாம், திரும்ப முடியாது. இந்த ஹால்ல எப்படி இருக்கனோ, அப்படியேதான் அங்கயும்." சுவரில் ஒட்டிய படங்களிடம் உருண்டு போனான். தேதி தேதியாகப் பார்த்தான். ஒரு தாளில் விரல் நின்றது. "கடைசியா அந்த மூலையை எடுத்தது மூணாவது வரியில. அன்னைக்கே அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. அதான் எடுக்கல."

"சும்மா எதையாவது பேசாத. அவ ஏன் மறைக்கப் போறா?"

மூன்று மணிக்கு டெய்லர் மூட்டையோடு படியேறி வந்தாள். மேசைமேல் கிடந்த தாளைப் பார்த்தாள். புள்ளிகளைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். மூட்டையை இறக்காமலே நின்றாள்.

"தெரியுமா?" என்றான் அவன்.

"தெரியும்."

"எப்ப?"

"மூணாவது வரியில டேப் வச்சுப் பாத்தேன். ஐம்பத்தொண்ணு வந்துச்சு." மூட்டையைத் தொப்பென்று போட்டாள். "தப்பு என்னோடதுதான். மேஸ்திரி மேல ஒரு தப்பும் இல்ல. நான் ஜாக்கெட்டுக்கு அளவு எழுதுனா அது உடம்பு அளவு. தையலுக்கு விடுறதை எந்த டெய்லரும் எழுத மாட்டா, வெட்டுறப்ப கை தானா விட்டுடும். சுவரையும் அந்த மாதிரி வெளியில விட்டு எடுப்பாங்கன்னு நினைச்சுட்டேன். அவரு சுவத்து நடுவுலேருந்து அடுத்த சுவத்து நடுவுக்கு நூல் பிடிச்சிருக்காரு. அவங்க தொழில்ல அதான் வழக்கமாம். ரெண்டு பக்கமும் பாதிச் சுவர் உள்ள போயிருச்சு."

"தெரிஞ்ச அன்னைக்கே சொல்லியிருந்தா மூணு வரிதான். கையால தள்ளினாலே விழுந்திருக்கும்."

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "ஏன்டி, உன் கை சுத்தம்னு ஊரு சொல்லணும், அதுக்காக இவன் ஆயுசுக்கும் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காரணுமா? இவ்வளவு கல்நெஞ்சக்காரியா நீ?" என்று கேட்டேவிட்டேன்.

திரும்பினாள் என் பக்கம். "கேளுங்கக்கா, நல்லாக் கேளுங்க. அந்தச் சுவரை எந்தப் பக்கம் தள்றது? அந்தப் பக்கம் தெரு. இந்தப் பக்கம் என் ரூமு. என் ரூமும் இதே மாதிரி ஒன்பது இஞ்ச் ஏற்கெனவே போயாச்சு. இன்னும் தள்ளுனா மேசையைப் போட்டுட்டு நான் எங்க நிக்கறது, மேசை மேலயா?" புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிக் காட்டினாள். இரண்டு முட்டியும் வீங்கி, தோல் கறுத்துத் தடித்துப்போய் இருந்தது. "இவரைத் தூக்கறதும் இந்த முட்டிதான், தரையில மண்டி போடறதும் இந்த முட்டிதான். ரெண்டுல ஒண்ணாவது விடட்டும்னு நினைச்சேன். தூக்கறதுதான் பழகிப்போச்சே, தூக்கிக்கலாம்னு நினைச்சேன். நினைச்சது தப்பா? தப்புதான். போங்க."

எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. மேசைக்காலில் இடித்துக்கொண்டதையெல்லாம் சொல்லிச் சொல்லிக் காட்டியவள் நான். அவள் முட்டியை ஒரு நாளும் கேட்டதில்லை.

டிரைவர் இப்போது 'சரி விடு, எனக்கெதுக்கு' என்று பெருந்தன்மையாக ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"தூக்கறன்னு சொல்லிக் காட்டுறியா?" என்றான்.

"ஆமா. காட்டுறேன்."

"காட்டு. உனக்கு உரிமை இருக்கு. ஆனா எனக்கு அந்தக் கல்லு வேணும். உன் முட்டி வலிக்குதுன்னு தெரியும், அதைப் பாத்துக்கிட்டுத்தான் நான் தண்ணி குடிக்காம கிடக்கேன். இருந்தும் வேணும். வெக்கத்தை விட்டுக் கேக்கறேன். கதவைச் சாத்திக்கிட்டு ஒரு அரை மணி நேரம் நான் தனியா இருக்கணும்."

அவள் மெஷினில் போய் உட்கார்ந்து பெடலை மிதிக்க ஆரம்பித்தாள். ஊசியில் நூல்கூடக் கோக்கவில்லை. நான் கீழே வந்துவிட்டேன். இருட்டுகிற வரைக்கும் தலைக்கு மேலே ஒரு பக்கம் மெஷின், ஒரு பக்கம் சக்கரம். எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கு மேல் பொறுக்காமல் குடையை எடுத்துக்கொண்டு மேஸ்திரி வீட்டுக்கே நடந்தேன்.

"என் நூல் பொய் சொல்லாது," என்று குதித்தார் அவர்.

"உங்க நூலை யாருங்க குத்தம் சொன்னது? உங்களுக்குச் சுவர் கணக்கு, அவளுக்கு உடம்புக் கணக்கு. நடுவுல மாட்டிக்கிட்டவன் அவன்."

மீசையைக் கடித்துக்கொண்டார். "நாலேகால் அடி பாத்ரூம் எத்தனை வீட்டுல கட்டியிருக்கேன். ஒருத்தரும் திரும்ப முடியலன்னு சொன்னதில்ல. சரி, அவரையே அழைச்சுட்டுப் போவோம். உக்காந்து திரும்பிப் பாக்கட்டும். முடியலன்னா நானே இடிக்கிறேன்."

வியாழக்கிழமை காலை நான்கு பேர் வந்தார்கள். நாற்காலியோடு டிரைவரைத் தூக்கிப் படியிறக்கினார்கள். இறங்கும்போது கண்ணை மூடிக்கொண்டான். தெருவுக்கு வந்ததும் திறந்து, எதிர்வீட்டுக் கேட்டைப் பார்த்து, "பச்சை அடிச்சுட்டாங்களா? நீலமால்ல இருந்துச்சு" என்றான். விழுந்து மாடியோடு கிடந்த பிறகு அவன் தெருவைத் தெருவில் இருந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை. டெய்லர் பின்னால் வந்தாள், கழுத்தில் இஞ்ச் டேப்போடு.

மனையில் ஜல்லிமேல் பலகை போட்டு உருட்டிக்கொண்டு போனார்கள். முதல் சுவரிடம் போனதும் நிறுத்தச் சொல்லி விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான். காதைச் சாய்த்துக் கேட்டான். "நல்ல வேலை, மேஸ்திரி" என்றான். மேஸ்திரிக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

பாத்ரூமில் கான்கிரீட்டுக்கு அடிக்கிற தகடுகளைத் தரையாகப் பரப்பி வைத்திருந்தார்கள். உள்ளே போனான். வலது சக்கரத்தைப் பிடித்து இடது சக்கரத்தைத் தள்ளினான். கால்வாசி வட்டம். டக். கால் வைக்கிற தகடு சுவரில் இடித்தது. பின்னே வந்தான். முதுகு இடித்தது. முன்னே போனான். டக். பின்னே. முன்னே ஒரு உருட்டு, பின்னே ஒரு உருட்டு, நடுவில் ஒரு கிறீச். மூன்று வருஷமாக என் தலைக்கு மேலே கேட்ட அதே சத்தம், இன்னும் கூரைகூடப் போடாத புது வீட்டுக்குள் கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வியர்வை சொட்டச் சொட்ட அவன் நிறுத்தவில்லை.

"போதும் தம்பி," என்றார் மேஸ்திரி. "போதும், நிறுத்துங்க. பாத்துட்டேன்."

அவர் தையல் அறைப் பக்கம் போய்ச் சுவரைத் தடவிக்கொண்டு யோசித்தார். "அஸ்திவாரம் இங்க இருக்கு. சுவர் அங்க போகணும். முழுச் சுவரா போக முடியாது. கீழ ஒரு கான்கிரீட் பட்டை போட்டு, நாலரை இஞ்ச் தடுப்பா ஏத்திடலாம். மேல ஒரு பீம் குடுத்துட்டா கூரை அதும்மேல உக்காந்துக்கும், இன்ஜினியர்கிட்ட நான் பேசிக்கறேன். லிண்டல் நாலு நாள் தள்ளிப் போகும், போகட்டும்." திரும்பிப் பார்த்தார். "எங்க வைக்கணும்? அதை மட்டும் யாராவது ஒருத்தர் சொல்லுங்க."

வேலையாள் ஒருவன் கடப்பாரையோடு நின்றான். டிரைவர் மடியில் இருந்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். தூரத்தில் இடி உருண்டது.

டெய்லர் கழுத்திலிருந்து டேப்பை எடுத்தாள். தையல் அறைக்குள் போனாள். ஒரு நொடி நின்று அறையைச் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மண்டி போட்டாள், இடுப்பிலிருந்து துணிக்குக் குறி வைக்கிற சாக்பீஸை எடுத்தாள். அளந்தாள். தன் அறைத் தரையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு கோடு இழுத்தாள். நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது.

மேஸ்திரி குனிந்து பார்த்தார். "ரெண்டு இஞ்ச் சேர்த்து விடும்மா. பூச்சு இருக்கு, டைல்ஸ் இருக்கு."

"விட்டுத்தான் போட்டிருக்கேன்," என்றாள். "பூச்சுக்கும் விட்டிருக்கேன், டைல்ஸுக்கும் விட்டிருக்கேன். அவரு கொஞ்சம் குண்டானா அதுக்கும் சேத்து விட்டிருக்கேன்."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. கடப்பாரை விழுந்தது. இருபது இருபத்திரண்டு வரி ஏறிய சுவர், அரை மணியில் கல்லும் மண்ணுமாகக் கிடந்தது. நடுவில் மழை பிடித்துக்கொண்டது. டிரைவரை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டதற்கு மாட்டேன் என்றுவிட்டான். தார்ப்பாயைத் தலையில் போர்த்திக்கொண்டு, இடித்த கல்லில் உடையாததைத் தட்டித் தட்டித் தனியாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். டெய்லர் நனைந்துகொண்டே அதை வாங்கி வாங்கி அடுக்கினாள். அவனும் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவளும் எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை. மத்தியானம் ஒரு சொம்புத் தண்ணீரை மட்டும் அவனிடம் நீட்டினாள். அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, முழுதாகக் குடித்தான்.

நான்கு மாதம் கழித்துக் குடிபோனார்கள். மேசையை ஆறு பேர் தூக்கிப் போனார்கள். என் கடை வழி விசாலமாயிற்று. ஆனால் பாருங்கள், தலைக்கு மேலே சத்தம் இல்லாமல் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. இரண்டு பக்கம் காப்பி எடுக்கச் சொன்னால் ஒரு பக்கம் எடுத்துக் கொடுத்தேன். பத்து நாள் பொறுத்துப் பார்த்தேன், பதினோராவது நாள் கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

டெய்லர் தையல் அறையில் இருந்தாள். மேசை சுவரோடு சுவராக ஒட்டிக் கிடந்தது, மேலே துணி மூட்டைகள். மேசைக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவே மிச்சமிருந்த தரையில் மண்டி போட்டு யாருக்கோ கால்சட்டை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரு பக்கமா நின்னு வெட்டலாமே?" என்றேன்.

"சின்னத் துணின்னா வெட்டறேன்க்கா. பெருசுன்னா சுத்தி வரணும். தரைதான் தோது." சாதாரணமாகத்தான் சொன்னாள். அவள் முட்டிக்கடியில் ஒரு தலையணை இருந்தது. "அவரு தைச்சுக் குடுத்தது. கோணல்மாணலா இருக்கு பாருங்க. பிரிச்சுத் தைக்கணும்னு சொன்னா கோவம் வருது."

"எங்க அவன்?"

பாத்ரூம் கதவைக் காட்டினாள். மூடியிருந்தது. "உள்ள போய் முப்பத்தஞ்சு நிமிஷம் ஆச்சு."

சொல்லிவிட்டுக் கத்தரியை எடுத்தாள், கீழே வைத்தாள். எழுந்து கதவு வரைக்கும் போனாள். கையைத் தூக்கினாள் தட்ட. தட்டாமல் திரும்பி வந்தாள். டேப்பை எடுத்துச் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். "தினமும் இதே ரோதனைக்கா எனக்கு. விழுந்துட்டா என்ன பண்றது? தாழ்ப்பாள் வேற போட்டிருக்காரு. கூப்பிடவும் மாட்டாரு. தூக்குற வரைக்கும் முட்டிதான் வலிச்சுது, இப்ப நெஞ்சு வலிக்குது."

"சும்மா உக்காரு," என்றேன்.

அப்போது உள்ளே சக்கரம் அசைந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூன்று வருஷம் கீழே இருந்து கேட்டுப் பழகிய காது இது. முன்னே பின்னே இல்லை. உருண்டது, உருண்டுகொண்டே வளைந்தது, நிற்காமல் போய்ப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. கொஞ்சம் பொறுத்து, எதிர்ப்பக்கமாக இன்னொரு முழு வட்டம்.

தாழ்ப்பாள் திறக்கிற சத்தம் கேட்கவில்லை. மூன்றாவது வட்டம் ஆரம்பித்தது.

"வேணும்னே சுத்துறாருக்கா," என்றாள் டெய்லர். குரல் உடைந்துபோயிருந்தது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, தலையணையை நகர்த்திப் போட்டு, ஒரு கையால் மேசைக்காலைப் பிடித்தபடி தரையில் இறங்கினாள். கத்தரியை எடுத்து, விட்ட இடத்திலிருந்து வெட்ட ஆரம்பித்தாள்.